பேராதனை விடுதியா, வெள்ளவத்தை ரூமா?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்த அன்றிரவே சாவகச்சேரியிலிருந்து அக்கா போன் எடுத்தார். மகளுக்கு உயிரியல் பிரிவில் நல்ல இசட் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி அதுதான். மருத்துவத்துக்குக் காணாது, உயிரியல் விஞ்ஞானத்துக்குத் தாராளம். போன வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தால் கொழும்பும் வரும், பேராதனையும் வரும். "எதை முதல் போடுறது எண்டு நீயே சொல்லு. நீதானே கொழும்பில இருக்கிறாய்" என்றார்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பினவர்களுக்கு இந்தத் தலையிடி தெரியும். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு தெரிவையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். முதலில் எதற்குப் புள்ளி காணுமோ அதுதான் பிள்ளைக்கு. அப்ப, பேராதனையை முதலாவதாகவும் கொழும்பை இரண்டாவதாகவும் போடுவதா, மாறிப் போடுவதா? யாழ்ப்பாணத்தையே முதல் போடலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். "வீட்டில இருந்து சைக்கிளில போய் வாறதுக்குக் கம்பஸ் என்னத்துக்குச் சின்னம்மா?" என்றாள் பெறாமகள். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

படிப்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டும் பழைய பீடங்கள், இரண்டிலும் ஆங்கிலத்தில்தான் பாடம். வித்தியாசம் எல்லாம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிள்ளை எங்கே போய்ப் படுக்கும், யாருடைய சமையலைச் சாப்பிடும், இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் கதவைத் தட்டும்? எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு தலைமுறை அனுபவம் இருக்கிறது. அப்பா 1956இல் பேராதனை அருணாசலம் விடுதிக்குப் போனவர். நான் 1991இல் கொழும்புக் கம்பஸ், இருந்தது வெள்ளவத்தை ரூமில். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் முதலில் ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். அக்கா கேட்ட கேள்வியை இந்த நாடே ஒருகாலம் வருடக்கணக்காக இழுத்தடித்தது.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் கேட்டவர்களில் முன்னுக்கு நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கூட நின்றவர்களில் சேர் ஜேம்ஸ் பீரிஸும் சேர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் உண்டு. கேட்டது பல்கலைக்கழகம், 1921இல் கிடைத்தது யூனிவர்சிட்டி கொலேஜ். தேர்ஸ்டன் வீதியில் வகுப்பு, பட்டம் லண்டனிலிருந்து. டி சொய்சா குடும்பத்தார் கட்டிய ரெஜினா வளவை வாங்கி அதற்குக் கொலேஜ் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் அந்த மாளிகையில்தான். மாணவர்களில் அநேகர் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வாடகை அறையிலிருந்தோ வந்து போனார்கள். விடுதிகள் இருந்தன, ஆனால் சின்ன விடுதிகள்.

பிறகு சரியான பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்தது. கொழும்புக்காரர் சொன்ன நியாயம்: பெரிய ஆஸ்பத்திரி இங்கே, நீதிமன்றங்கள் இங்கே, வீட்டிலிருந்து வந்துபோகிற பிள்ளைக்குச் செலவும் குறைவு. கண்டிக்காரர் சொன்னது: நகரத்துச் சந்தடியை விட்டு ஒதுங்கி, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில் இருந்து உண்டு படித்தால்தான் அது பல்கலைக்கழகம், மற்றதெல்லாம் ரியூசன் கொட்டில். (ரியூசன் கொட்டில் என்பது என் சொல். அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள்.) முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள், அது சரிவரவில்லை. கடைசியில் 1938இல் பேராதனை என்று தீர்ந்தது. இதற்கு வரலாற்றில் 'இடப் போர்' என்றே பெயர்.

1941இல் கொழும்புக்கு வந்து சேர்ந்தார் ஐவர் ஜெனிங்ஸ். 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது முதல் துணைவேந்தர் அவர்தான். கேம்பிரிட்ஜில் செயின்ட் கத்தரின்ஸ் கல்லூரியில் படித்தவர். இலங்கையை விட்டுப் போனபிறகு அதே கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹோலின் தலைவராக இருந்தவர். விடுதி என்றால் அவர் மனக்கண்ணில் வந்தது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பேராதனை வளவின் பொதுத் திட்டத்தை வரைந்தவர் லண்டன் நகரத் திட்டங்களால் பேர்பெற்ற பற்றிக் அபர்குரொம்பி, கூட கிளிபர்ட் ஹொலிடே. கட்டடங்களுக்குக் கூரையும் தூணும் நம் ஊர்ச் சாயலில் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். 1952 அக்டோபரில் பல்கலைக்கழகம் மலைக்குக் குடிபோனது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எடின்பரோ கோமகன் வந்து உத்தியோகபூர்வமாகத் திறந்துவைத்தார்.

1906இல் சங்கம் வைத்த அந்த மூன்று பேரும் இன்றைக்குப் பேராதனையில் மூன்று விடுதிகளாக நிற்கிறார்கள்: அருணாசலம் விடுதி, ஜேம்ஸ் பீரிஸ் விடுதி, மார்க்கஸ் பெர்னாண்டோ விடுதி. அருணாசலத்தின் தமையன் இராமநாதனுக்கும் ஒன்று. யூனிவர்சிட்டி கொலேஜின் முதல் அதிபர் மார்ஸுக்கும் ஒன்று.

விடுதியையும் கல்லூரியையும் நாங்கள் ஒன்றாகவே பேசுகிறோம். ஒக்ஸ்பேர்ட், கேம்பிரிட்ஜில் இருப்பது கல்லூரி. மேர்ட்டனுக்கு 1264இலேயே தனிச் சட்டதிட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜின் பீற்றர்ஹவுஸ் 1284. கல்லூரிக்குச் சொந்தக் காணி, சொந்தப் பணம், சொந்த ஆசிரியர் குழாம். தலைவரை அந்தக் குழாமே தெரிவுசெய்யும். மாணவரைச் சேர்ப்பதும் கல்லூரி, கிழமைக்கொரு முறை ஒருவர் இருவராக இருத்திப் படிப்பிப்பதும் கல்லூரி. சோதனை வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகம். பேராதனைக்கு வந்தது அதன் உடம்பு: உயர்மேசை போட்ட சாப்பாட்டு மண்டபம், மாணவர் பொது அறை, உள்ளேயே குடியிருக்கும் வார்டன், உப வார்டன்மார். காணியும் காசும் பல்கலைக்கழகத்தின் கையில். எந்தப் பிள்ளை எந்த விடுதி என்று முடிவெடுப்பதும் அதுதான். வார்டன் என்பவர் ஒரு விரிவுரையாளர்; தன் வேலையோடு இதையும் பார்க்கிறவர். அவருக்கு மேலே துணைவேந்தர், பேரவை. விடுதிக்கென்று தனித் தலைவிதி கிடையாது.

இது சும்மா வரலாற்று விளக்கம் இல்லை. பின்னாலே சொல்லப்போகிற நல்லது கெட்டது இரண்டும் இங்கேதான் இருக்கின்றன.

நல்லதை முதல் சொல்கிறேன். அப்பா அருணாசலம் விடுதிக்குப் போகும்போது மேசையில் கத்தி முள்ளுக்கரண்டி பிடித்ததில்லை. முதல் கிழமை பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துப் பார்த்து வெட்டியதில் கோழித்துண்டு ஒன்று வழுக்கி எதிர்மேசைக்குப் போய் விழுந்ததாம். நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சொல்லி முடிக்கும்போது வேறொரு கதைக்கு வந்துவிடுவார். இரண்டாம் வருடம் அவருக்குச் செங்கமாரி. வார்டன் தன் காரில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு, தாத்தாவுக்குத் தந்தி அடித்து, தாத்தா வந்து சேரும்வரை இரண்டு நாளும் பின்னேரம் வந்து பார்த்தாராம். "எங்கட ஐயா ஊரில இருந்தார், ஆனா எனக்கு அங்க ஒரு ஐயா இருந்தார்" என்பார். வீட்டுப் பிள்ளையின் பெயரும் ஊரும் வருத்தமும் தெரிந்த ஒரு ஆள், அவருக்கு மேலே ஒரு நிறுவனம். ஜெனிங்ஸ் கட்ட நினைத்தது அதைத்தான்.

காசு விஷயத்திலும் கொழும்புக்காரரின் வாதம் தலைகீழானது. 1945இல் இலவசக் கல்வி வந்தபிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கொழும்பில் வீடு இருந்தது? சாவகச்சேரிக்காரனுக்குக் கொழும்பும் பேராதனையும் ஒன்றுதான், இரண்டிடமும் அந்நியம். இருக்க இடமும் சேர்த்துத் தந்தது பேராதனை.

இன்னொன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவரை வைத்து நாட்டுக்கூத்துக்குப் புது மேடை கொடுத்தது பேராதனையில்தான். பின்னேரம் ஆனதும் எல்லோரும் பஸ் பிடித்து ஊருக்கொரு திசையாகப் போகிற இடத்தில் கூத்துப் பழக ஏலாது. குறிஞ்சிக்குமரன் கோவிலும் அப்படித்தான். மலையில் குடியிருந்த மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை போக ஒரு கோவில் வேண்டியிருந்தது, எழுந்தது.

இனிக் கெட்டது.

1960இல் தாய்மொழி மூலம் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வரத் தொடங்கினார்கள். வரவேண்டியவர்கள்தான். ஆனால் ஜெனிங்ஸ் கணக்குப் போட்ட அறைகள் அவ்வளவு பேருக்குப் போட்டவை அல்ல. ஒருவர் இருந்த அறையில் இரண்டு பேர், பிறகு இன்னும் கூட. உப வார்டன் ஒருவர் பார்க்க வேண்டிய தலைகள் கூடக் கூட, யாருக்கு என்ன வருத்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த இடைவெளியில் உள்ளே புகுந்தவர்கள் மேல் வருட மாணவர்கள். விடுதியை உண்மையில் நடத்துவது அவர்கள்தான் என்றாகிவிட்டால் அதற்குப் பெயர் பகிடிவதை. 1975இல் இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மேல்மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் பிறகு நடக்கவே இல்லை. 1997இல் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த வருடம், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை இன்றைக்குச் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். சட்டம் வந்ததால் நின்றுவிட்டதா என்று அக்கா கேட்டார். நிற்கவில்லை, குறைந்திருக்கிறது என்றேன். பீடத்துக்குப் பீடம், வருடத்துக்கு வருடம் மாறும்.

தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1983 மே மாதம், ஜூலை இனக்கலவரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, பேராதனையில் தமிழ் மாணவர்கள் விடுதிகளிலிருந்து அடித்து விரட்டப்பட்டார்கள். எல்லோரும் ஒரே வளவில் இருப்பது பாதுகாப்பு என்றுதான் நினைப்போம். அன்றைக்கு அதுவே வினையானது. நாற்பது வருடம் கடந்துவிட்டது, இன்றைய பிள்ளைகள் சேர்ந்துதான் படிக்கிறார்கள், ஒரே அறையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் இருக்கிறார்கள். அக்காவின் கணவர், எங்கள் அத்தானுக்கு மட்டும் அது நேற்று நடந்த மாதிரி.

சரி, கொழும்பு.

மலைக்குப் போன பல்கலைக்கழகம் இடம் காணாமல் மறுபடி கொழும்புக்கு வழிந்தது. 1960களில் இங்கே மாணவர் தொகை பெருகி, 1967இல் தனிப் பல்கலைக்கழகமாகி, 1972இல் நாட்டுக்கே ஒரு பல்கலைக்கழகம் என்ற திட்டத்தில் வெறும் 'கம்பஸ்' ஆகி, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு திரும்பவும் தனியாகியது. (நாங்கள் இன்றைக்கும் 'கம்பஸ் கிடைச்சிட்டுது' என்பது அந்த ஆறு வருடத்தின் எச்சம் என்று எனக்கொரு ஊகம்.) ஆக, கொழும்புப் பல்கலைக்கழகம் குடியிருப்புக்கென்று கட்டப்பட்டதல்ல. விடுதிகள் உண்டு, வார்டனும் உப வார்டனும் உண்டு, கட்டணமும் பெயரளவுதான். ஆனால் அவை ஒரு வளவுக்குள் இல்லை. நகரத்தில் அங்கொன்று இங்கொன்று. நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் முன்னுரிமை. வீட்டின் தூரமும் வருமானமும் பார்ப்பார்கள். கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும். நகரத்து நிலத்தின் விலையில் இடையில் வரும் வருடங்களுக்குப் பிள்ளை தன்பாட்டில் இடம் தேட நேரிடும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதாவது கொழும்பு என்றால் பாதிக் காலம் ரூம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரூம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வெள்ளவத்தை.

வெள்ளவத்தையின் வசதியை மறுக்க முடியாது. 155 பஸ் ஏறினால் பம்பலப்பிட்டி, தும்முல்லைச் சந்தி, கம்பஸ் வாசல். காலையில் இடியப்பமும் சொதியும் தட்டிலே வாங்கலாம், மத்தியானம் சோற்றுப் பார்சல். 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம். அந்தச் சங்கமும் 1942இல், இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே வருடத்தில் தொடங்கியது. சோதனைக் காலத்தில் நான் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். சிங்களம் ஒரு சொல் தெரியாமல் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகலாம். இதை வசதி என்று எழுதுகிறேன், குறை என்றும் எழுதலாம். நான் நாலு வருடம் கொழும்பில் இருந்து கற்ற சிங்களத்தை விட அப்பா பேராதனையில் முதல் வருடம் கற்றது கூட.

செலவு வேறு கதை. அட்வான்ஸ் என்று மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒன்றாகக் கேட்பார்கள். கரண்ட் பில், தண்ணி பில் தனி. மஹாபொல உதவிப்பணம் கிடைத்தாலும் அது வாடகையின் ஒரு மூலைக்குத்தான். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து எடுப்பதுதான் வழி. சேர்கிற பிள்ளை எப்படிப்பட்டதோ அது பிள்ளையின் அதிர்ஷ்டம்.

என் முதல் ரூம் அதிர்ஷ்டமில்லாதது. 1991இல், யுத்தத்தில் பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கொம்படி - ஊரியான் தண்ணீருக்குள்ளால் நடந்து வவுனியா வந்து ரயில் பிடித்து, தோளில் ஒரு பையோடு வந்து சேர்ந்தவள் நான். ஒரு ஒழுங்கையில் கராஜுக்கு மேல் தகரக் கூரை போட்ட அறை. நாலாம் மாதம், மகள் லண்டனால் வருகிறாள், இந்த மாத முடிவோடு எழும்புங்கோ என்றார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் கேட்டதற்குச் சுவரில் ஆணி அடித்த துளைகளை எண்ணிக் காட்டினார். ஒன்பது துளை. ஏழு எனக்கு முந்தி இருந்தவள் அடித்தது. யாரிடம் போய் முறையிடுவது? அங்கே வார்டனுமில்லை, துணைவேந்தருமில்லை, மனுக் கொடுக்க ஒரு கந்தோருமில்லை.

இரண்டாவது இடம் அன்ரி வீடு. அன்ரிக்குச் சட்டங்கள் இருந்தன. எட்டு மணிக்குப் பிறகு கேற் பூட்டு. பிரிட்ஜில் கீழ்த்தட்டு மட்டும். அயர்ன் பண்ணுவது ஞாயிற்றுக்கிழமை. தலைமயிர் குளியலறைக் குழியில் கிடந்தால் மூன்று பேரையும் கூப்பிட்டு யாருடையது என்று நீளம் பார்த்துச் சொல்லுவார். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. அந்தப் பதிவுப் படிவத்தை மட்டும் யாரையும் நம்பித் தராமல் தானே கொண்டுபோய்ப் பதிந்து, மூலப்பிரதியைப் பொலித்தீன் பைக்குள் போட்டுச் சாமியறையில் வைத்திருப்பார்.

1993 மே மாதம் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு தமிழர் இருந்த வீடுகளில் சோதனை கூடியது. ஒரு இரவு பதினொன்றரைக்குக் கேற்றைத் தட்டி எங்கள் மூன்று பேரையும் ஏற்றிப் போனார்கள். அன்ரி சேலையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பொலித்தீன் பையோடு, தெருவில் போன முச்சக்கரவண்டியை மறித்துப் பின்னாலேயே வந்தார். பொலிஸ் நிலைய வாங்கில் விடியும்வரை இருந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம். அதை வைத்தே மூன்று பேரின் பெயரையும் பீடத்தையும் ஊரையும் ஒவ்வொரு அதிகாரி மாறும்போதும் முதலிலிருந்து சொன்னார். காலை ஆறு மணிக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்து பிளேன்ரீ போட்டுத் தந்துவிட்டு, "இண்டைக்கு வகுப்பிருக்கெல்லோ, போய்க் குளியுங்கோ" என்றார். அதே இரவு பல்கலைக்கழக விடுதியில் இருந்த என் சிநேகிதிகளை யாரும் எழுப்பவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருந்தது. எங்களுக்கு அன்ரி இருந்தார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோதும், மறுநாள் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியபோதும், எனக்கு அந்த வாங்குதான் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு அந்தப் பதிவும் சோதனையும் இல்லை. ஆனால் ரூமின் இயல்பு மாறவில்லை. அன்ரி கிடைத்தால் எந்த வார்டனும் தரமுடியாத காவல். ஆணித்துளை எண்ணுகிறவர் கிடைத்தால் பிள்ளை நடுத்தெருவில். முன்கூட்டித் தெரிய வழியில்லை.

மூன்றாவது வழியை அக்கா சொல்லாமல் சொன்னார்: என் வீடு. இரண்டு அறை, மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. பெறாமகளை வைத்திருக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அவள் எட்டேகாலுக்கு வந்தால் நான் அன்ரியாகிவிடுவேன். அதற்கு மேல், ஒவ்வொரு இரவும் அக்காவுக்கு அறிக்கை. யாழ்ப்பாணத்துக் கம்பஸை எதற்காக வேண்டாம் என்றாளோ அதையே நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி வைத்துக் கொடுப்பேன். உறவினர் வீடு ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு நல்லது. நாலு வருடத்துக்கு வேண்டாம்.

தூரம் பற்றி ஒரு சொல், ஏனென்றால் அத்தான் பேராதனை தூரம் என்றார். ஏ-9 வீதி தொடங்குவது கண்டியில், முடிவது யாழ்ப்பாணத்தில், 321 கிலோமீட்டர். கொழும்பைவிடக் கிட்ட. சாவகச்சேரி அந்த வீதியில்தான் இருக்கிறது. வாசலில் பஸ் ஏறினால் கண்டியில் இறங்கலாம். வளவுக்குள்ளேயே சரசவி உயன என்று ரயில் நிலையமும் உண்டு. நான் ஆபத்து அந்தரத்துக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் மூன்று மணித்தியாலம் அளவில் அங்கே நிற்பேன். குளிரும் மழையும் அட்டைக்கடியும் உண்மைதான், அதற்கு மருந்து உப்புக்கட்டி.

நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: பேராதனையை முதலாவதாகப் போடு, கொழும்பை இரண்டாவதாக. அங்கே எல்லா வருடத்துக்கும் விடுதி கிடைக்கக்கூடிய வாய்ப்புக் கூட. அங்கே பிழை நடந்தால் எழுத்தில் முறையிட ஆட்கள் இருக்கிறார்கள்: உப வார்டன், வார்டன், சிரேஷ்ட மாணவ ஆலோசகர், மார்ஷல், அதற்கும் மேலே ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவு. அவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ரூமில் அந்த வரிசையே கிடையாது.

ஆனால் இரண்டு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். முதல் கிழமையே உப வார்டனின் அறைக்குப் போய்ப் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் ஒரு தலையாக இருக்கக்கூடாது, செங்கமாரி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும். இரண்டாவது, மேல் வருட அக்காமார் விடிய ஐந்து மணிக்கு வரச் சொல்கிறார்கள், இந்த நிறத்தில்தான் உடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அதை 'கம்பஸ் என்றால் அப்படித்தான்' என்று அம்மாவிடம் மறைக்கக் கூடாது; என்னிடமாவது சொல்ல வேண்டும். அவள் "ஓம் ஓம்" என்றாள். எத்தனை ஓம் உண்மை என்பது போனபிறகுதான் தெரியும்.

அத்தானுக்கு இன்னும் அரைமனம். பிள்ளை சிங்களம் தெரியாமல் அங்கே என்ன செய்யும் என்கிறார். நான் அதையேதான் திருப்பிச் சொன்னேன்: தெரியாமல் போய்த் தெரிந்து வரட்டும். கொழும்பை முதல் போட்டால் கெட்டுப்போகப் போவதில்லை. இங்கே வேலைவாய்ப்பு, பயிற்சி, பின்னேரக் கோர்ஸ் எல்லாம் கிட்ட. கடைசி வருடத்தில் அது பெரிய வித்தியாசம். கணக்காளர் சோதனையோ வேறு தொழில் தகைமையோ கூடவே படிக்க நினைக்கிற பிள்ளை என்றால் நானே கொழும்பைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் பெறாமகள் அப்படி அல்ல. மரமும் பூச்சியும் பார்த்துத் திரிகிறவள். சுமார் 700 ஹெக்டேயர் வளவும் பின்னால் ஹந்தானை மலையும் அவளுக்கு ஆய்வுகூடம் மாதிரி.

விண்ணப்பம் போன வெள்ளிக்கிழமை போய்விட்டது. பேராதனை முதலாவது. வெட்டுப்புள்ளி வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது, ஒருவேளை கொழும்புதான் வந்தாலும் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அன்ரி வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. கேற்றுக்கு இப்போது ரிமோட், ஆனால் எட்டு மணிச் சட்டம் அப்படியேதான். மேல் ரூம் சும்மாதான் கிடக்கிறது என்றார். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, ஃபான் புதிது. பெறாமகளைப் பற்றி நான் பீடம், புள்ளி, குணம் என்று சொல்லிக்கொண்டு போக, கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் பிறகு பாப்பம் பிள்ளை. தலைமயிர் நீளமோ?"